டீ குடிக்க அனுப்பாத கடை

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் கார் கடைகள்தான். சீட்டுக்கு உறை போடுவான். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவான். வண்டிக்குப் பின்னால் ஒரு றெக்கை வைப்பான், அதற்குள் நீல விளக்கு எரியும். போர்டில் ரேஸிங் என்று எழுதியிருப்பான். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு றெக்கை வேண்டாம். என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு கதவு, தரையோடு தரையாகக் கிடக்கும், டர்போ எஞ்சின். கம்பெனி பேர் சொல்லவில்லை, வம்பு எதற்கு. சென்னைக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் யாரும் தன் சொந்த வண்டியை அங்கே ஒரு நாள் ஓட்டலாம். அதில் நான் ஓட்ட வேண்டும். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் ஓட்ட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு. அப்புறம் வயலை விட்டு நகர முடியாது. எஞ்சினையும் பிரேக்கையும் தடத்துக்குத் தகுந்தபடி செய்துகொடுக்க ஒரு நம்பகமான ஆள் வேண்டும். கேட்டது இவ்வளவுதான். அதற்கு இந்த ஜில்லாவில் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர். நான் வளைகுடாவுக்குப் போய் ரெக்கவரி வண்டி ஓட்டினேன். நின்றுபோன காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற லாரி அது. ஏற்றியதில் பாதி இந்த மாதிரி கார்கள்தான். பணக்கார வீட்டுப் பையன் மணலில் புதைத்துவிட்டுப் போனில் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பான். நான் சங்கிலி மாட்டி இழுப்பேன். அந்தச் சீட்டில் நாங்கள் உட்காரக் கூடாது என்பது உத்தரவு. வெளியே நின்று, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். அப்படித்தான் அத்தனை காரையும் திருப்பினேன்.

ஊருக்கு வந்து, அப்பா நாற்றுப் பறித்த வயலிலேயே கொஞ்சம் வாங்கினேன். வீடு கட்டினேன். மகளைக் கட்டிக்கொடுத்தேன். மிச்சத்தில் இந்தக் காரை வாங்கினேன். சென்னையில் ஒரு பெரிய மனிதர் மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. மகன் வெளிநாடு போய்விட்டான். வண்டி தூசி படிந்து கிடந்தது.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"பின் சீட்டுல யாருங்க உக்காருறது? பல்லியா?"

"யாரும் உக்கார வேண்டாம்."

"நல்லதாப் போச்சு. மாட்டுக்குக் கொட்டா ஒழுவுது, இதுக்கு ஷெட்டு போடுங்க."

போட்டேன். மாட்டுக் கொட்டகைக்கும் ஓடு மாற்றினேன்.

முதலில் போனது தஞ்சாவூர் பைபாஸில் ஒரு கடை. கண்ணாடி அறை, ஏசி. முதலாளி கறுப்பு பனியன் போட்ட இளந்தாரி. வண்டி என்னுடையது என்று சொன்னேன். நம்புவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பியதும் நாற்காலி வந்தது. காபி வந்தது.

"அண்ணே, ஸ்டேஜ் டூ பண்ணிடுவோம். வேற மாதிரி போவும்."

"ஸ்டேஜ்னா என்னா?"

"பவருண்ணே."

"எவ்வளவு கூடும்?"

"ஓட்டிப் பாத்தா நீங்களே சொல்லுவீங்க."

அளவு கேட்டேன். ஜோசியம் சொன்னான். அப்போதே எழுந்திருக்க வேண்டும். காபி பாதியில் இருந்தது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். "உள்ள சூடுண்ணே, அழுக்கு வேற. போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். வளைகுடாவிலும் பார்த்திருக்கிறேன். கடைக்காரன் காருக்குச் சொந்தக்காரனை எங்கேயாவது அனுப்பிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பான். தெரிந்தும் போனேன். எதிர்க் கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

திரும்பக் கொடுத்தபோது வண்டி இன்னும் தாழ்ந்திருந்தது. பின்னால் குடம் நுழைகிற அளவுக்கு ஒரு பைப். ஸ்டார்ட் செய்தால் கதிர் அறுக்கிற மெஷினில் சைலன்சர் கழன்ற மாதிரி ஒரு சத்தம். கடைப் பையன்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ரோட்டில் ஏறி மிதித்தேன். சத்தம்தான் முன்னால் போனது. வண்டி பழையபடி பின்னால் வந்தது.

அது பங்குனி மாதம். சம்பா வயலில் தெளித்த உளுந்தைப் பறித்து, செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போகும். காய் வெடித்து உளுந்து உதிரும். அடிக்கிற கூலி மிச்சம். அந்த வேளையில் ஊருக்குள் வண்டி வைத்திருக்கிறவன் எவனும் தன் செடி மேல் இரண்டு நடை கூடுதலாகப் போய்வருவான். நானும் இதே காரில் அதற்கு முந்தின வாரம்தான் போயிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வழியில் மனைவி போன் செய்தாள். "வர்றப்ப நம்ம உளுந்து மேல ஏத்திட்டு வாங்க. இன்னைக்குப் பஸ்ஸையே காணும்."

ஏற்றினேன். போய்த் திரும்பி மறுபடி ஏற்றினேன். செடி அடியில் சுருட்டிக்கொண்டு இழுபடுகிற சத்தம் கேட்டது. ஓரத்தில் செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் கவைக்கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணே! அடியில எரியுது! எறங்குண்ணே!"

இறங்கினேன். முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நெருப்பு. மனைவி குடிதண்ணீர்க் குடத்தோடு வந்து ஊற்றினாள். மற்றவர்கள் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அணைந்தது. அடியில் வயர்கள் உருகித் தொங்கின. பம்பரின் கீழ்ப் பாகம் கருகிப்போனது. உளுந்தில் கால்வாசி போயிற்று.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். "ஊரே ரோட்டுல உளுந்து அடிக்குது. நாமதான் வறுக்குறோம்."

நான் குப்புறப் படுத்துப் பார்த்தேன். புகை போகிற சூட்டுப் பைப்பை மூடிய தகடு ஒன்று இருக்கும். கம்பெனிக்காரன் காரணமில்லாமலா வைப்பான். அதைக் காணவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். இந்தத் தடவை நாற்காலி வரவில்லை.

"தகடு எங்க?"

"அது தேவையில்லாத வெயிட்டுண்ணே. ரேஸ் காருல எல்லாம் கெடையாது."

"எங்கன்னு கேட்டேன்."

"பழைய இரும்போட போயிருக்கும். நீங்க ஏண்ணே உளுந்து மேல ஏத்துனீங்க? யாராச்சும் ஏத்துவாங்களா?"

இவன் அப்பாவும் உளுந்துதான் போட்டிருப்பார். இவன் கண்ணாடி அறைக்குள் போனதும் உளுந்து எங்கே காய்கிறது என்பது மறந்துபோய்விட்டது. அவனோடு சண்டை போடவில்லை. சண்டை போடக்கூட ஒரு தகுதி வேண்டும்.

எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் வயர்களைச் சேர்த்துக் கொடுத்தார். வண்டி ஓடியது, அவ்வளவுதான். தடத்துக்குப் போகிற வண்டி இல்லை அது.

சித்திரையில் திருச்சிக்குப் போனேன். அன்றைக்கு வயலிலிருந்து நேராகக் கிளம்பியதால் பழைய சட்டை, ரப்பர் செருப்பு. கடைக்காரன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காரின் உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"ஓனரு வரலியா?"

வண்டி என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"வெளிநாட்டுல இருக்காரு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தோளில் கை போட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனான்.

"தலைவா, இந்த டர்போ ஒரிஜினலு. இதக் கழட்டிட்டு நம்மகிட்ட இருக்குறத ஒண்ணு மாட்டிருவோம். பாக்க ஒரே மாதிரி இருக்கும். வெளிநாட்டுல இருக்குற ஆளுக்கு என்னா தெரியப் போவுது? ஒன்னையும் நல்லா கவனிச்சிருறேன்."

"கேட்டுச் சொல்றேன்."

"யாருகிட்ட கேப்ப?"

"ஓனருகிட்ட."

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. சொந்தக்காரனாகப் போனால் நாற்காலி போட்டு ஏமாற்றுவான். டிரைவராகப் போனால் எப்படி ஏமாற்றுவான் என்று அவனே காதில் சொல்லிவிடுகிறான். இதைவிட நல்ல சோதனை கிடையாது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் வண்டி என்னுடையது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. என்னைப் பார்த்தாலே அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரு கடையில் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்றான். அதையும் சொன்னேன். "அப்ப யாரு வீட்டு வண்டி ஓட்டுற?" என்றான். பிறகு நாலு சக்கரத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னான். தெருவை விசாரித்துவிட்டுத் திருட்டுக்குக் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறவன். இன்னொருவன் எஞ்சினைத் திறக்கவே இல்லை. கதவில் புலிப் படம் ஒட்டினால் எடுப்பாக இருக்கும் என்றான். அவனையாவது மன்னிக்கலாம். முட்டாள், திருடன் இல்லை.

வைகாசி வந்தது. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று டீக்கடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி ஒரே வார்த்தையாகச் சொன்னாள்.

"தண்ணி வர்றதுக்குள்ள ஓட்டுனா ஓட்டுங்க. இல்லன்னா வித்துட்டு ஒரு பவர் டில்லர் வாங்குங்க. அதுலயும் சத்தம் வரும்."

அப்போதுதான் புத்தி வந்தது. கடைக்காரனிடம் கடையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது ரெக்கவரி வண்டிக்காரனிடம். வளைகுடாவில் எந்தக் கடை எப்படி என்று எங்களுக்குத்தான் தெரியும். ஒரே காரை ஒரே கடை வாசலிலிருந்து திரும்பத் திரும்ப ஏற்றுகிறவன் அவன்தான்.

கும்பகோணத்தில் கிரேன் வைத்த லாரியோடு ஒருவன் நின்றான். நம் தொழில்.

"எந்தக் கடைக்காரன் அடிக்கடி கூப்புடுறான்?"

"சொன்னா எனக்குச் சோறு கெடைக்காதுண்ணே."

"சரி. எந்தக் கடையிலேருந்து ஏத்துனதே இல்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "திருப்பனந்தாள் ரோட்டுல ஒரு பழைய ரைஸ் மில்லு. அதுக்குள்ள ஒருத்தரு கார் வேல பாக்குறாரு. அங்க கொண்டுபோயி எறக்கிருக்கேன். அங்கேருந்து ஏத்துனது இல்ல. ஆனா போவாதீங்கண்ணே. கடிச்சி வெச்சிருவாரு."

போனேன். மில்லில் நெல் அவித்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவியல் தொட்டியில் பழைய டயர் கிடந்தது. நெல் காய்கிற சிமெண்டுக் களத்தில் மூன்று கார் நின்றன. போர்டு இல்லை. கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் வாய் நிறைய வெற்றிலையோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். வா என்றுகூடச் சொல்லவில்லை. நேராகக் காருக்கு அடியில் போய்ப் படுத்தார். வெளியே வரும்போது கையில் கருகிய குச்சி ஒன்று இருந்தது. அதில் ஒரு காய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உளுந்தா?"

"ஆமா."

"எவன் ஏத்துனது?"

"ஓனரு."

"டர்போ வண்டிய, தகடும் இல்லாம, உளுந்து மேல ஏத்துனானா? காரு வாங்கக் காசு இருக்கு, மூள வாங்கக் காசு இல்லையா அந்த ஆளுக்கு?"

"இல்ல போலருக்கு."

"தகட்ட எவன் கழட்டுனது?"

கடையைச் சொன்னேன். அவர் அந்தக் கடைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை அச்சில் போட முடியாது. ஆனால் சரியான வார்த்தை.

இவரிடம் சோதனையை நானே நடத்திப் பார்த்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "ஓனருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எத வேணா மாத்திக்கிங்க. எனக்கும் ஏதாவது பாத்துப் பண்ணுங்க."

அவர் எழுந்து நின்றார். வெற்றிலையைத் துப்பினார்.

"வண்டிய எடு."

"இல்லண்ணே, நான்..."

"எடுய்யா! திருட்டுப் பயலுக்கெல்லாம் இங்க வேல கெடையாது. எந்த மடையன் ஒன்ன நம்பி வண்டியக் குடுத்தானோ அவன வரச் சொல்லு."

நான் வெளியே வந்ததும் மில்லின் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினார். உள்ளே சங்கிலி போடுகிற சத்தம் கேட்டது.

ரோட்டோரத்தில் காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தேடின கடை கிடைத்துவிட்டது. அந்தக் கடையில் நான் திருடன். கேட்டைத் தட்டி, வண்டி என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு நாற்காலி வந்துவிட்டால் என்ன செய்வது? அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் காலையில் மறுபடி போய் நின்றேன்.

"ஓனரு எங்க?"

"வர மாட்டாரு. தடத்துல ஓட்டுறதுக்குத் தகுந்த மாதிரி வண்டி வேணுமாம். நீங்க வேலையப் பாருங்க. நான் எதுவும் கேக்கல."

கேட்டைத் திறந்துவிட்டார். "ஒரு கண்டிசன். வேல முடியிற வரைக்கும் நீ கூடவே நிக்கணும். கழட்டுற ஒவ்வொண்ணையும் பாக்கணும். நாளைக்கி நீ ஒண்ணத் தூக்கிட்டு, மில்லுக்காரன் எடுத்துட்டான்னு உன் ஓனருகிட்ட சொல்லுவ. எனக்குத் தெரியாதா உங்க வித்தையெல்லாம்?"

"நிக்கிறேன்."

நின்றேன். களத்தில் சாக்கை விரித்து, கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையில் வைத்தார். ஒவ்வொன்றையும் என் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். "இது பழசு. அதே பழசு திரும்ப உள்ள போவுது. பாத்தியா?" "பாத்தேன்." "இது தேஞ்சிட்டுது, புதுசு போவுது. பழச டிக்கியில போடுறேன். பாத்தியா?" "பாத்தேன்." வெயில் சிமெண்டுக் களத்தில் பட்டு முகத்தில் அடித்தது. மதியத்துக்கு மேல் கால் வலித்தது.

"டீ குடிச்சிட்டு வரட்டாண்ணே?"

"ஒண்ணும் வேண்டாம். நீ போன நேரத்துல நான் எதையோ மாத்திட்டேன்னு சொல்லவா?" உள்ளே போய் ஒரு பிளாஸ்க்கை எடுத்து வந்தார். மூடியில் ஊற்றி நீட்டினார். "இந்தா. இங்கயே நின்னு குடி."

குடித்தேன். சர்க்கரை போடாத டீ. அந்த மூன்று மாதத்தில் நான் குடித்ததில் அதுதான் நல்ல டீ.

லேப்டாப்பை எஞ்சினோடு இணைத்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். தஞ்சாவூர்க்காரன் எஞ்சின் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றி வைத்திருந்தான்.

"காத்து சாஸ்தி, பெட்ரோல் கம்மி. அதான் வெறும் சத்தம். இத இப்புடியே தடத்துல வெரட்டுனா பிஸ்டன் உருகி ஊத்தும். எஞ்சின் போச்சு." திரும்பி என்னைப் பார்த்தார். "உன் ஓனருகிட்ட சொல்லு. உளுந்து எரிஞ்சது புண்ணியம். இல்லன்னா இவன் நேரா தடத்துக்குப் போயிருப்பான்."

"சொல்றேன்."

அவர் செய்ததில் பாதி, முன்னவன் செய்ததை அவிழ்த்ததுதான். குடம் நுழைகிற பைப்பை அறுத்துப் போட்டார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார். சூட்டுத் தகட்டைப் புதிதாக அடித்துப் பொருத்தினார், விளிம்பில் செடி மாட்டாதபடி மடித்து. பிரேக்கில் தடத்துச் சூட்டைத் தாங்குகிற கட்டையும் ஆயிலும் போட்டார். பிறகு அணைக்கரை ரோட்டில் அவர் மடியில் லேப்டாப்போடு உட்கார, நான் ஓட்டினேன். "மூணாவது கியரு. அமுக்கு. இன்னும். விடு." திரும்பத் திரும்ப அதே ரோடு. ஒவ்வொரு தடவையும் எதையோ தட்டினார். கடைசி நடையில் மிதித்தபோது சீட்டு என் முதுகைத் தள்ளியது. சத்தம் பாதிகூட இல்லை.

"நல்லாத்தான் ஓட்டுற," என்றார். "திருடாம இருந்தன்னா உருப்புடுவ."

"ஓனரு பெரிய டர்போ கேட்டாரு."

அது நான் கேட்டது. ரொம்ப நாளாக ஆசை.

"ஓட்டத் தெரிஞ்சப்புறம் வந்து கேக்கச் சொல்லு."

ஆனி பிறந்தது. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் தடத்தில் ஒரு நாள் கிடைத்தது. ஓனர் அன்றைக்கு ஓட்டப்போகிறார் என்று மில்காரரிடம் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார்.

"புதுசா டியூன் பண்ணுன எஞ்சினு. அந்த ஆளு கண்ட மாதிரி அமுக்குவான். நான் பக்கத்துல நிக்கணும். அவன் மூஞ்சியையும் ஒரு தடவ பாக்கணும்."

நடு ராத்திரியில் கிளம்பினோம். வழிநெடுக ஓனரைத் திட்டிக்கொண்டு வந்தார். என்ன வயசு, என்ன தொழில், எப்படிச் சம்பாதித்தான் என்று கேட்டார். ஐம்பது இருக்கும், விவசாயம், வளைகுடாவில் இருந்தவர் என்றேன். "அதான. ஊர்ல பயிர் வெச்சிருக்கவனே உளுந்து மேல ஏத்துறான். சொல்லி என்னத்த?" என்றார்.

தடத்தில் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். கையுறை, பந்தயச் சட்டை, கூலிங் கிளாஸ். ஓட்டியது குறைவு, படம் பிடித்தது அதிகம். வாசலில் நின்ற செக்யூரிட்டி என் சட்டையைப் பார்த்தான். "டிரைவருங்கல்லாம் அந்த ஷெட்டுல உக்காரணும். ஓனருதான் உள்ள போவலாம்" என்றான். தலையாட்டிவிட்டு உள்ளே ஓட்டிப் போனேன்.

மில்காரர் டயரில் காற்றைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "எங்கய்யா உன் ஓனரு? அடுத்து நம்ம வண்டிதான். இன்னும் தூங்குறானா?"

"இங்கதான் இருக்காரு."

டிக்கியைத் திறந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டினேன். சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டேன். அவர் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். என்னைப் பார்த்தார். வாயில் வெற்றிலை மெல்லுவது நின்றுவிட்டது.

"அப்ப அந்த உளுந்து மேல ஏத்துன முட்டாளு?"

"நாந்தான்."

"எனக்குப் பாத்துப் பண்ணுங்கன்னு கேட்டது?"

"கடை எப்புடின்னு தெரியணும்ல."

அவர் நிமிர்ந்தார். துப்பக்கூடாது என்று எழுதியிருந்த இடத்தில் துப்பினார். நான் காத்திருந்தேன். வண்டி என்னுடையது என்று தெரிந்ததும் தஞ்சாவூர்க்காரன் முகம் எப்படி மாறியது என்று எனக்கு மனப்பாடம். அவர் மறுபடி குனிந்தார்.

"மொத ரவுண்டு டயரு சூடாவட்டும். அமுக்காத. அமுக்குனன்னா எறக்கி விட்டுருவேன்."

குரல் மாறவில்லை.

அமுக்கவில்லை. முதல் சுற்று மெதுவாகப் போனேன். இரண்டாவது சுற்றில் நேர் ரோட்டில் மிதித்தேன். வளைவு வந்தது. பிரேக் பிடித்தது. திருப்பினேன், திரும்பியது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

பின்னால் றெக்கை வைத்த கார் ஒன்று, நீல விளக்கு எரிய எரிய, வளைவில் புகைந்துகொண்டு நின்றது. அதை ஓட்டியவன் இறங்கிப் போனில் பேசிக்கொண்டிருந்தான். ரெக்கவரி வண்டி வந்தது. அடுத்த சுற்றில் பார்த்தபோது அதன் டிரைவர் வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் கை தூக்கினேன். அவன் பார்க்கவில்லை. நானும் அந்தக் காலத்தில் ஓடுகிற கார் பக்கம் பார்த்ததில்லை.

நேரம் முடிந்து வந்து நிறுத்தினேன். மில்காரர் அடியில் போய்ப் படுத்து, வெகு நேரம் கழித்து வந்தார்.

"சூடு தகட்டத் தாண்டல. இப்ப உளுந்து மேல ஏத்துனாலும் ஒண்ணும் ஆவாது."

"ஏத்தலாமா?"

"ஏத்திப் பாரு, தெரியும்."

திரும்பி வரும்போது தூங்கிக்கொண்டு வந்தார். மில் வாசலில் எழுப்பினேன். இறங்கிக் கேட்டைத் திறந்தார்.

"அண்ணே, அந்தப் பெரிய டர்போ?"

"ஓனருகிட்ட என்னா சொல்லச் சொன்னேன்?"

"ஓட்டத் தெரிஞ்சப்புறம் வரச் சொன்னீங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்பறம் என்னா?" கேட்டைச் சாத்தினார். சங்கிலி போடுகிற சத்தம் கேட்டது.

ஊருக்குள் திரும்பும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, முதல் தண்ணீருக்கே உள்ள அழுக்கு நிறம். மனைவி மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"வண்டி எரியலியே?"

"இல்ல."

"அப்ப வாங்க. மேல மடையில எவனோ அடைச்சி வெச்சிருக்கான். நம்ம பக்கம் தண்ணி ஏறல."

வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.